ஒத்திகை பார்க்க முடியாத தரையிறக்கம்

நாமக்கல் மாவட்டத்தில், பரமத்தி வேலூர் பக்கம், சித்தம்பூண்டி, குன்னமலை என்று இரண்டு ஊர்கள் உண்டு. அந்த வட்டாரத்தில் வெளிர் நிறத்தில் ஒரு பாறை கிடக்கிறது. அதன் பெயர் அனார்த்தோசைட். வயது 250 கோடி ஆண்டுகளுக்கும் மேல். வெயிலில் ஆடு மேய்ப்பவருக்கு அது உட்கார ஒரு கல், அவ்வளவுதான். நிலவியல் படித்தவர்களுக்கோ சித்தம்பூண்டி என்ற பெயரே மனப்பாடம். உலகத்தின் எந்த மூலையில் அனார்த்தோசைட்டைப் பற்றிப் பேச்சு வந்தாலும் இந்தக் கிராமத்தின் பெயரும் கூடவே வரும்.

நிலாவில் பாட்டி வடை சுடுகிறாள் என்று கதை கேட்டிருப்பீர்கள். பாட்டியாகவும் மரமாகவும் நாம் கற்பனை செய்யும் கருநிறத் திட்டுகள் பசால்ட் என்ற எரிமலைப் பாறை. அவற்றைச் சுற்றிப் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிவது மேட்டுநிலம். அது பெரும்பாலும் அனார்த்தோசைட். சித்தம்பூண்டியில் கிடக்கும் அதே வகைப் பாறைதான். இரண்டும் உருவான கதை வேறு வேறு. ஆனால் அந்தப் பாறையின் முக்கியக் கனிமம், கால்சியமும் அலுமினியமும் நிறைந்தது, இரண்டு இடத்திலும் ஏறத்தாழ ஒன்று.

சந்திரயான்-2 திட்டத்துக்கு இஸ்ரோ தயாரானபோது ஒரு சிக்கல் வந்தது. நிலவில் இறங்கப் போகிற கலத்தையும், அங்கே உருண்டு போகப் போகிற ரோவரையும் பூமியிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்கு நிலவின் மண் வேண்டும், அதுவும் டன் கணக்கில். காவிரி மணலைக் கொட்டிப் பார்க்கலாமே என்று தோன்றும். காவிரி மணல் ஆற்றுநீரில் உருண்டு உருண்டு முனை மழுங்கியது. நிலவில் காற்று இல்லை, ஆறு இல்லை. விண்கற்கள் மோதி மோதிப் பாறை நொறுங்கிய தூள்தான் அங்கே மண். ஒவ்வொரு துகளும் உடைந்த கண்ணாடி போலக் கூர்மையானது. அதில் சக்கரம் புதைகிற விதம் வேறு, கால் ஊன்றுகிற விதம் வேறு.

அப்படிப்பட்ட செயற்கை மண் அமெரிக்காவில் கிடைத்தது. விலைதான் கிலோவுக்கு 150 டாலர் அளவில் இருந்தது. டன் கணக்கில் வாங்கினால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். அப்போதுதான் நிலவியலாளர்கள் சேலம், நாமக்கல் பக்கம் கையைக் காட்டினார்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறையினரும், திருச்சி என்.ஐ.டி., பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் ஆகியவற்றின் வல்லுநர்களும் உதவினார்கள். பாறையை வேண்டிய அளவுக்கு உடைத்து, அரைத்து, சலித்து பெங்களூருக்கு அனுப்பினார்கள். 2012 முதல் அப்படிப் போன மண் சுமார் 50 டன். நம் ஊர் கிரஷரில் அரைபட்ட தூளும் கூர்முனை கொண்டதுதான், அது இங்கே நல்லதாகப் போயிற்று. இந்தச் செயற்கை நிலவு மண்ணுக்கு இஸ்ரோ காப்புரிமையும் பெற்றிருக்கிறது.

பெங்களூரில் அந்த மண்ணைப் பரப்பி, நிலவில் விழுவது போன்ற வெளிச்சம் அமைத்து, ரோவரை ஓட்டிப் பார்த்தார்கள். நிலவின் ஈர்ப்பு பூமியில் ஆறில் ஒரு பங்குதானே? அதற்காக ரோவரை ஹீலியம் பலூனில் கட்டி, அதன் எடையைக் குறைத்து ஓட்டினார்கள்! கால்களை இறக்கிப் பார்த்தார்கள். சிறு குற்றம் தெரிந்தாலும் திருத்தி மறுபடி செய்தார்கள். இதற்குப் பெயர்தான் ஒத்திகை. இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விண்வெளியிலிருந்து பொருளாதாரத்துக்குப் போகும்போது இது தேவைப்படும்.

மோதுவது சுலபம்

நிலவைத் தொடுவது அவ்வளவு கடினம் இல்லை. 2008 நவம்பர் 14 அன்று சந்திரயான்-1 கலத்திலிருந்து பிரிந்த ஒரு சிறிய பெட்டி, மூவண்ணக் கொடியோடு நிலவில் போய் மோதியது. மோதுவதற்காகவே அனுப்பப்பட்டது அது. சோவியத் நாட்டின் லூனா-2 கலம் 1959-லேயே அப்படி மோதிவிட்டது. உடையாமல் இறங்கிய முதல் கலம் லூனா-9. அது 1966 பிப்ரவரி 3. நடுவே ஏறத்தாழ ஆறரை ஆண்டு ஆயிற்று. மோதுவதற்கும் மெதுவாக இறங்குவதற்கும் உள்ள தொலைவு இதுதான்.

ஏன் இவ்வளவு கடினம்? பூமிக்குத் திரும்பும் கலத்துக்குப் பாராசூட் உண்டு. நிலவில் பாராசூட்டை விரித்தால் அது துணி மூட்டை, பிடித்து நிறுத்தக் காற்று கிடையாது. கலம் தன் எஞ்சினைப் பயணத் திசைக்கு எதிராக இயக்கித்தான் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். 2023 ஆகஸ்ட் 23 மாலை, சந்திரயான்-3-இன் விக்ரம் லேண்டர் இறங்கத் தொடங்கியபோது நிலவிலிருந்து 30 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது. வேகம் நொடிக்கு 1.68 கிலோமீட்டர். சேலத்திலிருந்து நாமக்கல் சுமார் 50 கிலோமீட்டர். அந்த வேகத்தில் போனால் அரை நிமிடத்தில் ஆஞ்சநேயர் கோவில் வாசலில் நிற்கலாம். நிற்க முடிந்தால்!

சுமார் 19 நிமிடத்தில் அந்த வேகத்தை ஏறக்குறைய ஒன்றும் இல்லாமல் ஆக்க வேண்டும். முதல் கட்டத்தில் நான்கு எஞ்சின்களும் சேர்ந்து வேகத்தை நொடிக்கு 358 மீட்டராகக் குறைத்தன. அப்போது உயரம் 7.4 கிலோமீட்டர். அதுவரை படுத்தபடி பறந்த கலம் மெல்ல நிமிர்ந்து கால்களைக் கீழே காட்டியது. 150 மீட்டர் உயரத்தில் அப்படியே அந்தரத்தில் நின்று, கீழே பாறை உண்டா, பள்ளம் உண்டா என்று பார்த்தது. பிறகு இறங்கியது. மாலை 6 மணி 4 நிமிடம்.

இங்கே பலரும் தவறாக நினைப்பது ஒன்று உண்டு. மென்மையாக இறங்குவது என்றால் மெதுவாக இறங்குவது என்று நினைக்கிறார்கள். மெதுவாக இறங்கினால் மட்டும் போதாது. வேகம் ஒருபக்கம் குறைகிறது, உயரம் ஒருபக்கம் குறைகிறது. இரண்டும் ஒரே நொடியில் பூஜ்யத்தைத் தொட வேண்டும். உயரம் முதலில் பூஜ்யமானால் கலம் மோதி நொறுங்கும். வேகம் முதலில் பூஜ்யமானால்? கலம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு எரிபொருளைக் குடித்துத் தீர்க்கும். தீர்ந்ததும் கல்லாக விழும். அவசரப்பட்டாலும் கெட்டது, தயங்கினாலும் கெட்டது.

சின்னக் கணக்கு ஒன்று. விக்ரமின் கால்கள் நொடிக்கு 3 மீட்டர் வேகம் வரை தாங்கும்படி செய்யப்பட்டவை. 3 மீட்டர் என்றால் எவ்வளவு? பூமியில் 46 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து குதித்தால் தரையைத் தொடும்போது அந்த வேகம் இருக்கும். அதாவது நீங்கள் நாற்காலியிலிருந்து குதிக்கிற வேகம். நிலவில் ஈர்ப்பு குறைவு என்பதால், அங்கே அதே வேகம் வர 2.8 மீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டும். மணிக்கு 6,000 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கிய பயணம் நாற்காலிக் குதியில் முடிந்தாக வேண்டும்!

இதையெல்லாம் பெங்களூரில் உட்கார்ந்து ரிமோட்டில் ஓட்ட முடியாது. நிலவுக்கு ரேடியோ அலை போக 1.3 நொடி, திரும்பி வர 1.3 நொடி. 'பள்ளம் இருக்கிறது, விலகு' என்று சொல்வதற்குள் பள்ளத்துக்குள் இறங்கியிருக்கும். ஆகவே கலம் தானே அளந்து, தானே முடிவெடுக்க வேண்டும். அளவு தப்பினால் எல்லாம் தப்பும்.

2019 செப்டம்பர் 7 அதிகாலையில் அதுதான் நடந்தது. சந்திரயான்-2-இன் விக்ரம் சுமார் 2.1 கிலோமீட்டர் உயரம் வரை ஒழுங்காக இறங்கியது, பிறகு தொடர்பு அறுந்தது. காரணத்தைப் பின்னால், அப்போது இஸ்ரோ தலைவராக இருந்த சோமநாத் விளக்கினார். ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிட அதிக உந்துவிசை கொடுத்துவிட்டன. அதாவது கலம் தேவைக்கு மேல் பிரேக் போட்டது. ஆனால் அந்த நேரத்தில் கேமரா படம் எடுப்பதற்காகக் கலம் ஆடாமல் இருக்க வேண்டும் என்று கட்டளை. பிழையை உடனே திருத்த முடியாமல் அது சேர்ந்துகொண்டே போயிற்று. கடைசியில் மொத்தமாகத் திருத்தப் போனபோது கலம் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது, மென்பொருளோ ஓர் அளவுக்கு மேல் திரும்ப விடவில்லை. போதாக்குறைக்கு இறங்க வேண்டிய இடம் 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்று குறுகலாகக் குறித்திருந்தார்கள். அந்த இடத்தை எட்டிப் பிடிக்க, தரை நெருங்கிவிட்ட நேரத்தில் கலம் வேகத்தைக் கூட்டியது. விழுந்த கலத்தின் சிதறல்களை நாசாவின் படங்களில் முதலில் அடையாளம் கண்டவர் சென்னையைச் சேர்ந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் என்பதும் இந்தக் கதையில் உண்டு. வீட்டில் கணினி முன் உட்கார்ந்து, பழைய படத்தையும் புதிய படத்தையும் புள்ளி புள்ளியாக ஒப்பிட்டுப் பார்த்தார்!

அடுத்த முறை, விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3-இல், ஐந்து எஞ்சின் நான்காயிற்று. இறங்கும் இடம் 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்று விரிந்தது. கால்கள் பலமாயின. வேகத்தை அளக்க லேசர் கருவி புதிதாகச் சேர்ந்தது. எரிபொருளும் கூடுதலாக ஏறியது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த இடத்தை விரித்ததுதான். குறித்த புள்ளியில் இறங்கியே தீருவேன் என்ற பிடிவாதத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் பத்திரமாக இறங்கலாம்.

இறங்கிய பின் பிரக்யான் ரோவர் சுற்றியிருந்த மண்ணை 23 இடங்களில் சோதித்தது. 2024 ஆகஸ்ட்டில் நேச்சர் இதழில் வெளியான முடிவு: அந்த மண்ணின் சேர்க்கை அனார்த்தோசைட் பாறையோடு ஒத்துப்போகிறது. நிலவு ஒரு காலத்தில் உருகிய குழம்பாக இருந்தது, அதில் இலேசான கனிமம் மேலே மிதந்து வந்து இறுகியது என்ற கருத்துக்கு அது வலுச் சேர்த்தது. அந்த வகைப் பாறையின் தூளில்தான் ஒத்திகை நடந்திருந்தது.

லாரிப் பட்டறையில் ஒரு தரையிறக்கம்

செய்தித்தாளின் வணிகப் பக்கத்திலும் 'மென்மையான தரையிறக்கம்' என்ற சொல் வரும். அங்கே ராக்கெட் இருக்காது, ரிசர்வ் வங்கி இருக்கும்.

2022 ஏப்ரலில் இந்தியாவில் பணவீக்கம் 7.79 சதவீதம். முந்தைய ஆண்டு 100 ரூபாய்க்கு வாங்கிய பொருள்கள் அந்த மாதம் சராசரியாக 107 ரூபாய் 79 காசு. கொரோனாவுக்குப் பின் கடைகளில் கூட்டம் திரும்பியது, உக்ரைன் போரால் பெட்ரோலும் சமையல் எண்ணெயும் ஏறின. ரிசர்வ் வங்கிக்கு அரசு கொடுத்திருக்கும் இலக்கு 4 சதவீதம். அதற்கு மேலும் கீழும் 2 சதவீதம் வரை போகலாம். ஆக, 7.79 என்பது மிக உயரம், கீழே இறக்க வேண்டும்.

எப்படி இறக்குவது? ரிசர்வ் வங்கி கடைக்குக் கடை போய் 'விலையைக் குறை' என்று சொல்ல முடியாது. அதன் கையில் இருக்கும் முக்கியமான நெம்புகோல் வட்டி. வங்கிகளுக்கு அது கடன் கொடுக்கும் வட்டியை ரெப்போ வட்டி என்பார்கள். 2022 மே மாதம் 4 சதவீதமாக இருந்த அதை 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதம் ஆக்கினார்கள்.

இது நாமக்கல்லில் என்ன செய்யும் என்று பாருங்கள். இந்த ஊர் லாரிக்குப் பேர் போனது. சேஸிஸ் மட்டும் வாங்கி வந்து, அதற்கு மேல் பாடி கட்டும் பட்டறைகள் இங்கே நிறைய. பக்கத்தில் திருச்செங்கோடு போர்வெல் ரிக் வண்டிகளுக்குப் பெயர் பெற்றது. லாரியோ ரிக்கோ, பெரும்பாலானவர்கள் கடன் வாங்கித்தான் எடுப்பார்கள். ஒருவர் 30 லட்சம் ரூபாய் கடனை 5 ஆண்டில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். வட்டி 9 சதவீதம் என்றால் மாதம் சுமார் 62,300 ரூபாய் டியூ. அதே கடன் 11.5 சதவீதம் என்றால் சுமார் 66,000 ரூபாய். மாதம் 3,700 ரூபாய் கூடுதல். 'இந்த வருஷம் வேண்டாம், பழைய வண்டியையே ஓட்டிக்கலாம்' என்று அவர் முடிவு செய்வார். பட்டறைக்கு ஒரு வண்டி குறையும். இரும்புத் தகட்டுக்கும் மரத்துக்கும் டயருக்கும் தேவை குறையும். தேவை குறைந்தால் விலை ஏறுவது தணியும். வட்டி வேலை செய்கிற வழி இதுதான்.

ஆனால் அந்தப் பட்டறையில் ஒரு வெல்டர் இருக்கிறாரே! வண்டி ஒன்று குறைந்தால் அவருக்கு ஓவர்டைம் போகும். பத்து வண்டி குறைந்தால் வேலையே போகும். விலையேற்றம் தணிந்து, வெல்டரின் வேலையும் தப்பினால் அது மென்மையான தரையிறக்கம். விலையேற்றத்தோடு ஆயிரக்கணக்கான வேலைகளும் சேர்ந்து விழுந்தால் மோதல்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும், பெரியவர்களே குழம்புகிற இடம் இது. பணவீக்கம் 7.79-இலிருந்து 4-க்கு வந்தால் விலைகள் இறங்கிவிட்டதாக அர்த்தம் இல்லை. ஏறுகிற வேகம் குறைந்திருக்கிறது, அவ்வளவே. 'பணவீக்கம் குறைஞ்சிருச்சாம், எங்கே குறைஞ்சுது?' என்று அம்மா கேட்டால் அம்மாவின் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

மோதலுக்குப் பேர்போன கதை அமெரிக்காவுடையது. 1980 மார்ச்சில் அங்கே பணவீக்கம் 15 சதவீதத்தை நெருங்கியது. மைய வங்கித் தலைவர் பால் வோல்க்கர் வட்டியை 20 சதவீதம் அளவுக்கு ஏற விட்டார். 1983-இல் பணவீக்கம் 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. ஆனால் 1982 இறுதியில், வேலை செய்பவர்களையும் வேலை தேடுபவர்களையும் சேர்த்து எண்ணினால், நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் வேலையில்லாமல் நின்றார்கள். மறுபக்கம், 2022 ஜூனில் 9.1 சதவீதமாக இருந்த பணவீக்கத்தை இறக்க அதே வங்கி வட்டியை மளமளவென்று 5.5 சதவீதம் வரை ஏற்றியது. இம்முறையும் மோதல்தான் என்று பலர் அடித்துச் சொன்னார்கள். 2024 செப்டம்பரில் வட்டியைக் குறைக்கத் தொடங்கியபோது பணவீக்கம் 3 சதவீதத்துக்கும் கீழே, வேலையின்மையோ 4 சதவீதத்தைச் சற்றே தாண்டி இருந்தது. இந்தியாவில் 2025 பிப்ரவரியில் ரெப்போ வட்டி 6.25 ஆகக் குறைந்தது.

எந்த அளவை நம்புவது?

விக்ரமின் கருவிகள் உயரத்தையும் வேகத்தையும் நொடிக்கு நொடி அளந்தன. ரிசர்வ் வங்கிக்கோ ஒரு மாதத்தின் விலைக் கணக்கு அடுத்த மாதம் 12-ஆம் தேதிதான் கைக்கு வரும். அது சன்னல் வழியே பார்க்கும்போது தெரிவது போன மாத நிலம். அதோடு, வட்டியை இன்று ஏற்றினால் அதன் விளைவு முழுதாகத் தெரிய பல மாதங்கள் ஆகும்.

தாமதம் என்ன பாடு படுத்தும் என்பது நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். முட்டை விலை நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் ஒரே சமயத்தில் கூடுதலாகக் குஞ்சு விட்டால், அந்தக் குஞ்சுகள் முட்டையிட ஏறத்தாழ 5 மாதம் ஆகும். ஐந்து மாதம் கழித்து எல்லார் முட்டையும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்து நிற்கும். விலை சரியும். உடனே எல்லாரும் குஞ்சைக் குறைப்பார்கள். அடுத்த சில மாதத்தில் முட்டைக்குத் தட்டுப்பாடு. யாரும் தவறு செய்யவில்லை, ஒவ்வொருவரும் கண்ணுக்குத் தெரிந்த விலையை வைத்துத்தான் முடிவெடுத்தார்கள். அந்த விலை ஐந்து மாதத்துக்குப் பிறகு செல்லாது, அதுதான் சங்கடம்.

அளவு உடனே கிடைத்தாலும் அதை நம்புவதா என்ற கேள்வி வேறு இருக்கிறது. 2023 ஏப்ரலில் ஜப்பானின் ஐஸ்பேஸ் நிறுவனத்தின் ஹக்குட்டோ-ஆர் கலம் நிலவில் இறங்கப் போனது. வழியில் ஒரு பெரிய பள்ளத்தின் விளிம்பைத் தாண்டியது. விளிம்புக்கு அப்பால் தரை திடீரென்று சுமார் 3 கிலோமீட்டர் கீழே போய்விட்டது. ரேடாரும் சரியாகத்தான் சொன்னது. ஆனால் கணினி, 'உயரம் இப்படித் தாவாது, கருவி கெட்டுவிட்டது' என்று முடிவு செய்து அந்த அளவைத் தூக்கி எறிந்தது. தரையை நெருங்கிவிட்டதாக நம்பி மெதுவாக இறங்கிக்கொண்டே இருந்தது. உண்மையில் அப்போது உயரம் சுமார் 5 கிலோமீட்டர். எரிபொருள் தீர்ந்தது, கலம் விழுந்தது.

அதே ஆண்டு, மூன்று மாதம் கழித்து, இந்தியாவில் ஓர் அளவு தாவியது. சந்திரயான்-3 கிளம்பிய ஜூலை 14 அன்று உங்கள் வீட்டில் பேச்சு தக்காளியைப் பற்றித்தான் இருந்திருக்கும். பல ஊர்களில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியிருந்தது. சென்னையில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றார்கள். அதற்கு முந்தைய மாதம் 5 சதவீதத்தை ஒட்டியிருந்த பணவீக்கம் ஜூலையில் 7.44 ஆயிற்று. ரிசர்வ் வங்கி என்ன செய்ய வேண்டும்? வட்டியை ஏற்ற வேண்டுமா? ஜூலைக் கணக்கு இன்னும் வெளிவராத ஆகஸ்ட் 10 அன்று, தக்காளி விலை தாவியதைப் பார்த்தும் அது ரெப்போவை 6.5-லேயே விட்டுவிட்டது. இது தக்காளியின் தாவல், அடுத்த அறுவடை வந்தால் அடங்கிவிடும் என்ற கணிப்பு. வட்டியை ஏற்றினால் தக்காளி காய்க்கப் போவதும் இல்லை. செப்டம்பரில் பணவீக்கம் 5.02-க்கு வந்தது.

இரண்டு இடத்திலும் தாவிய அளவைப் பொருட்படுத்தாமல் விட்டார்கள். ஒரு இடத்தில் கலம் விழுந்தது, இன்னொரு இடத்தில் முடிவு சரியாயிற்று. எந்தத் தாவல் நிஜமான பள்ளம், எது தக்காளி என்று பிரித்துச் சொல்ல எளிய விதி கிடையாது. ஹக்குட்டோவின் பொறியாளர்கள் அந்தப் பள்ளத்தின் விளிம்புக்கு மேலே கலம் பறக்கும் நிலையைப் போதுமான அளவு ஒத்திகை பார்க்கவில்லை. இறங்கும் இடத்தை, வடிவமைப்பு முடிவான பிறகு மாற்றியிருந்தார்கள்.

நான் நினைவில் வைக்கச் சொன்ன சொல் இங்கே வருகிறது. விண்கலத்துக்கு 50 டன் நாமக்கல் மண்ணைக் கொட்டி ஒத்திகை பார்க்கலாம். நூறு தடவை இறக்கலாம், நூறு தடவை கவிழ்க்கலாம். நாட்டின் பொருளாதாரத்துக்கு அப்படி ஒரு கொட்டகை இல்லை. 'இன்னொரு இந்தியா' ஒன்றைக் கட்டி, அதில் வட்டியை 9 ஆக்கி, என்ன உடைகிறது என்று பார்த்துவிட்டு வர முடியாது. கணினியில் மாதிரிகள் போட்டுப் பார்க்கிறார்கள்தான். ஆனால் நிலவு மண்ணுக்கு நாம் சொல்வது காதில் விழாது, மனிதர்களுக்கு விழும். வட்டி ஏறப் போகிறது என்று கேள்விப்பட்டாலே லாரி வாங்க நினைத்தவர் நடையை மாற்றுவார். 2020-இன் தொடக்க மாதங்களில், கோழியால் கொரோனா பரவும் என்று பொய்யாக ஒரு வதந்தி கிளம்பியது. வட்டி ஏறவில்லை. வாட்ஸ்அப் செய்திதான் நாமக்கல் முட்டை விலையைத் தள்ளி விழச் செய்தது.

இன்னொரு ஜப்பான் கலத்தையும் பார்த்துவிடுவோம். 2024 ஜனவரியில் ஸ்லிம் என்ற சிறிய கலம் நிலவில் இறங்கியது. இறங்கும் வேகம் சரியாக இருந்தது. குறித்த இடத்துக்கு மிக நெருக்கமாகவும் இறங்கியது. ஆனால் இறங்கும்போது இரண்டு எஞ்சின்களில் ஒன்று போயிற்று. கலம் பக்கவாட்டில் நகர்ந்து, மூக்குக் குத்தி நின்றது. சூரியத் தகடுகள் தவறான திசையைப் பார்த்தன. சூரியன் நகர்ந்து தகட்டில் வெளிச்சம் பட்ட பிறகுதான் சில நாள் கழித்து அது உயிர்பெற்றது. வேகக் கணக்கில் அது மென்மையான தரையிறக்கமே.

பொருளாதாரத்திலும் சராசரி ஒழுங்காக இறங்கும், கலம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். 2023-இல் பணவீக்கம் 5.02-க்கு இறங்கிய அதே செப்டம்பரில், தக்காளி விலை அதல பாதாளத்துக்குப் போயிருந்தது. ஜூலை விலையைப் பார்த்து நாற்று நட்டவர்களுக்குப் பறிக்கும் கூலிகூடக் கட்டவில்லை. 'பணவீக்கம் கட்டுக்குள் வந்தது' என்ற செய்திக்குள் அந்த விவசாயியின் மோதலும் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் அளவுகோலில் அது தெரியாது, ஏனென்றால் அது வாங்குபவர் கொடுக்கும் விலையை அளக்கிற கோல்.

உங்களுக்கு ஒரு வேலை. அடுத்த மாதம் 12-ஆம் தேதி பணவீக்கக் கணக்கு வெளியாகும், மறுநாள் நாளிதழில் வரும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் போன ஆண்டு மளிகைச் சீட்டு ஏதாவது கிடைத்தால் எடுங்கள், கிடைக்காவிட்டால் தாத்தா பாட்டியின் ஞாபகம் போதும். முட்டை, தக்காளி, துவரம்பருப்பு, எண்ணெய், பஸ் டிக்கெட், டியூஷன் கட்டணம் என்று ஆறு பொருளுக்குப் போன ஆண்டு விலையையும் இந்த ஆண்டு விலையையும் எழுதி, ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் ஏறியது அல்லது இறங்கியது என்று கணக்குப் போடுங்கள். நாளிதழ் எண்ணுக்கும் உங்கள் எண்ணுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, அந்த இடைவெளிக்கு எந்தப் பொருள் காரணம் என்று கண்டுபிடித்து எங்களுக்கு எழுதுங்கள். கோழிப்பண்ணை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் முட்டையை இரண்டு பக்கமும் எழுதலாம், விற்ற விலை ஒன்று, கடையில் வாங்கும் விலை ஒன்று.